சந்தைக்கு வழி கேட்ட தோழர்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

புகழ் அனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் மீதும், அவர்கள் வழியில் நடக்கும் அனைவர் மீதும் உண்டாவதாக!

அல்லாஹ்வை அஞ்சி வாழும்படி எனக்கும் உங்களுக்கும் முதலில் உபதேசித்துக்கொள்கிறேன். பள்ளிவாசலுக்குள் நிற்கும்போது மட்டுமல்ல, கல்லாப்பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதும் நம்மோடு இருக்க வேண்டியதுதான் தக்வா.

நம் ஊர்களில் இப்படி ஒருவரை நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். கடைத்தெருவில் சின்னதாக ஒரு மளிகைக் கடையோ, ஜவுளிக் கடையோ, இரும்புக் கடையோ வைத்திருப்பார். சுப்ஹு தொழுதுவிட்டு நேராகப் போய்க் கடையைத் திறப்பார். ரமளான் வந்துவிட்டால் அஸருக்கு முன்பே நோன்புக் கஞ்சி அண்டாவுக்குப் பக்கத்தில் நிற்பார். ஊரில் ஒரு மவுத் என்றால் முதல் போன் அவருக்குத்தான் போகும். கஃபன் துணி எடுப்பது, குளிப்பாட்ட ஆள் கூப்பிடுவது, கபுரு வெட்டச் சொல்வது, சந்தூக்கைக் கொண்டுவரச் செய்வது எல்லாம் அவர் பொறுப்பு. நடு இரவில் ஒருவருக்கு இரத்தம் வேண்டுமா? அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

இப்படிப்பட்ட மனிதரைப் பற்றி ஊரில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். சிலர், "வியாபாரத்தைப் பார்க்காமல் ஊர் வேலை பார்த்துக்கொண்டு திரிகிறார்" என்பார்கள். வேறு சிலர், "வியாபாரத்தை வளர்க்கத்தானே இந்தச் சேவையெல்லாம்" என்பார்கள். அதாவது கடை ஒரு வாழ்க்கை, பொதுச்சேவை இன்னொரு வாழ்க்கை என்று பிரித்துவிடுகிறார்கள்.

இஸ்லாம் அப்படிப் பிரிக்கிறதா? கடையும் சேவையும் ஒரே இபாதத்தாக ஆக முடியுமா? அப்படி ஆகிவிட்டால் அதற்குள்ளும் ஓர் ஆபத்து இருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு ஒரு மனிதரின் வாழ்க்கையையே பதிலாகப் பார்ப்போம். அவர்கள்தாம் சொர்க்கத்தைக் கொண்டு நற்செய்தி சொல்லப்பட்ட பத்துப் பேரில் ஒருவரான அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள்.

வெறுங்கையோடு வந்த வியாபாரி

அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் மக்காவில் குறைஷிகளின் பனூ ஸுஹ்ரா கிளையில் பிறந்தவர்கள். அபூபக்கர் (ரலி) அவர்கள் மூலம் ஆரம்ப நாட்களிலேயே இஸ்லாத்தில் இணைந்தவர்கள். மக்காவின் கொடுமை தாங்காமல் அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் சென்றவர்களில் ஒருவர். பின்பு மதீனாவுக்கும் ஹிஜ்ரத் செய்தார்கள்.

சகோதரர்களே, அன்றைய மதீனாவை இன்று நாம் ஹஜ்ஜிலும் உம்ராவிலும் பார்க்கும் மாநகரமாக நினைத்துவிடாதீர்கள். பேரீச்சந்தோட்டங்களும், அவற்றுக்கிடையே சிதறிக் கிடந்த குடியிருப்புகளும், சில சந்தைகளும் கொண்ட சிற்றூர் அது. எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும். அந்த ஊருக்குத்தான் மக்காவிலிருந்து வீட்டையும் சொத்தையும் விட்டுவிட்டு முஹாஜிர்கள் வந்து சேர்ந்தார்கள்.

நபி (ஸல்) அவர்கள் முஹாஜிர்களையும் அன்ஸாரிகளையும் சகோதரர்களாக இணைத்தார்கள். அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களுக்குச் சகோதரராக அமைந்தவர் சஅத் பின் ரபீஉ (ரலி) அவர்கள். அன்ஸாரிகளில் பெரும் செல்வம் உடையவர். அவர் தம் செல்வத்தில் சரிபாதியைப் பிரித்துத் தருகிறேன் என்றார். புதிதாகக் குடும்பம் அமைத்துக்கொள்ளவும் வழி செய்கிறேன் என்றார். உலக வரலாற்றில் ஓர் அகதிக்கு இப்படி ஒரு வரவேற்பு கிடைத்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்கு அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் என்ன செய்தார்கள்? ஸஹீஹுல் புகாரியில் இந்த நிகழ்ச்சி வருகிறது. சஅதின் குடும்பத்திலும் செல்வத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும் என்று துஆச் செய்தார்கள். பிறகு, இங்கே வியாபாரம் நடக்கும் சந்தை எங்கே இருக்கிறது, அதைக் காட்டுங்கள் என்று மட்டும் கேட்டார்கள். பனூ கைனுகா சந்தைக்கு வழி காட்டினார்கள். முதல் நாள் போய்த் திரும்பும்போது கையில் இருந்தது கொஞ்சம் பாலாடைக்கட்டியும் கொஞ்சம் நெய்யும்தான். மறுநாளும் போனார்கள். அதற்கு மறுநாளும் போனார்கள்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. கொடுக்க முன்வந்த சஅத் (ரலி) அவர்களின் மனம் பெரியது. வாங்காமல் உழைக்கப் போன அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களின் மனமும் பெரியது. உதவியை வாங்குவது தவறு என்று அவர்கள் சொல்லவில்லை. தேவைப்படுபவர் வாங்கத்தான் வேண்டும். ஆனால் உடம்பில் வலுவும் கையில் தொழிலும் இருப்பவர் உழைக்கப் போனால், அவருக்கு வரவிருந்த பங்கு வேறோர் ஏழைக்குப் போகும் என்பதை நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

சில காலம் கழித்து, ஆடையில் வாசனைத் திரவியத்தின் மஞ்சள் கறையோடு அவர்கள் வந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் என்ன விஷயம் என்று விசாரித்தார்கள். அன்ஸாரிப் பெண் ஒருவரை மணமுடித்திருப்பதாகச் சொன்னார்கள். மஹர் எவ்வளவு என்று கேட்டபோது, ஒரு பேரீச்சங்கொட்டை எடைத் தங்கம் என்றார்கள். ஓர் ஆட்டையாவது அறுத்து வலீமா கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள்.

கையில் ஒன்றுமில்லாமல் ஊருக்குள் வந்தவர், தம் உழைப்பில் மஹரைக் கொடுத்துத் திருமணம் செய்கிறார். பெண் வீட்டாரிடம் கடை வைக்க முதல் கேட்கவில்லை. இளைஞர்களே, இதை நீங்கள் மனத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சேவைக்கு முன்னால் தராசு

கடை வளர்ந்த பிறகு தர்மம் செய்யலாம் என்று நினைக்கிறோம். ஆனால் தர்மம் தொடங்கும் இடமே கடைதான். அளவையில் மோசடி செய்பவர்களுக்குக் கேடு என்று அல்லாஹ் ஒரு சூராவையே தொடங்குகிறான். சூரத்துல் முதஃப்பிஃபீன், 83-வது அத்தியாயம். வாங்கும்போது நிறைத்து வாங்கி, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவர்களை அங்கே அல்லாஹ் கண்டிக்கிறான். கேட்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். கிலோவுக்குப் பத்து கிராம்தானே என்று தோன்றலாம். ஆனால் அந்தப் பத்து கிராமுக்கு உரியவர் நாளை மறுமையில் வந்து நிற்பார்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு முறை சந்தையில் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்றார்கள். குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மேலே காய்ந்த தானியம், உள்ளே நனைந்த தானியம். என்ன இது என்று கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னார். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது.

கவனியுங்கள், அந்த வியாபாரி தானியத்தை நனைக்கவில்லை. மழைதான் நனைத்தது. அவர் செய்த தவறு, நனைந்ததை உள்ளே தள்ளியது. நம் கடைகளில் பழைய சரக்கை அடியில் போட்டுப் புதியதை மேலே அடுக்குகிறோமே, தேதி முடியப்போகும் பொருளைப் படிக்கத் தெரியாத பாட்டியின் பையில் போடுகிறோமே, அப்போது அந்த ஈரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன். பள்ளிவாசல் கட்டடத்துக்கு இலட்ச ரூபாய் எழுதும் முதலாளி, தன் கடையில் காலையிலிருந்து இரவு வரை நிற்கும் பையனுக்கு இந்த மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் இருபதாம் தேதி வரை இழுத்தடித்தால் அந்த இலட்சத்தின் நிலை என்ன? கூலியாளின் வியர்வை உலர்வதற்கு முன்பே கூலியைக் கொடுத்துவிட நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பையனின் கூலி கடமை, கட்டட நிதி உபரி. கடமையைப் பாக்கி வைத்துவிட்டு உபரியில் பெயர் வாங்குவது சேவை ஆகாது.

கடன் நோட்டும் சேவைதான்

சிற்றூர் வியாபாரியின் மிகப்பெரிய பொதுச்சேவை எது என்று என்னைக் கேட்டால், அவர் கடையில் நூல் கட்டித் தொங்கும் கடன் நோட்டைத்தான் காட்டுவேன். கூலி வேலைக்குப் போகும் குடும்பங்கள் வாரக் கடைசி வரை அரிசியும் பருப்பும் வாங்குவது அந்த நோட்டை நம்பித்தான்.

முன்பு வாழ்ந்த ஒரு வியாபாரியைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி புகாரியில் இருக்கிறது. அவர் மக்களுக்குக் கடன் கொடுத்து வந்தார். சிரமப்படுபவரைக் கண்டால், அவரை விட்டுவிடுங்கள், அல்லாஹ்வும் நம்மை விட்டுவிடக்கூடும் என்று தம் பணியாட்களிடம் சொல்வார். அதனால் அல்லாஹ் அவரை மன்னித்தான். அந்த ஹதீஸில் அவர் பெயர் இல்லை, ஊர் இல்லை. அவர் செய்ததாகச் சொல்லப்படும் நன்மை, கஷ்டப்பட்டவரின் கணக்கில் காட்டிய கருணை. அது அவரைக் காப்பாற்றியது.

கடனாளி சிரமத்தில் இருந்தால் வசதி வரும் வரை அவகாசம் கொடுக்கும்படியும், முழுவதுமாக விட்டுக்கொடுத்துவிடுவது இன்னும் சிறந்தது என்றும் சூரத்துல் பகராவின் 280-வது வசனத்தில் அல்லாஹ் வழிகாட்டுகிறான்.

இங்கே கடைக்காரரிடம் மட்டும் பேசி முடித்துவிட்டால் நீதி ஆகாது. கடன் வாங்குபவர்களிடமும் பேச வேண்டும். கையில் ரொக்கம் இருக்கும்போது டவுனில் உள்ள பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிறோம். கை காலியானதும் தெருமுனைக் கடைக்கு வருகிறோம். பழைய பாக்கியைக் கேட்டுவிட்டால் அந்தத் தெரு வழியாக நடப்பதையே விட்டுவிடுகிறோம். இப்படி நடந்துகொண்டால் அந்தக் கடை எத்தனை நாள் தாங்கும்? இயலாதவருக்குத்தான் அவகாசம். இருந்தும் இழுத்தடிப்பது அநியாயம் என்று நபி (ஸல்) அவர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

வியாபாரம் திசைதிருப்பாத மனிதர்கள்

இன்று ஜும்ஆ. ஜும்ஆவுக்கும் கடைத்தெருவுக்கும் உள்ள தொடர்பைச் சூரத்துல் ஜும்ஆவே பேசுகிறது. பாங்கு சொல்லப்பட்டால் வியாபாரத்தை விட்டுவிட்டு வரச் சொல்கிறான் அல்லாஹ். தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அவனுடைய அருளைத் தேடச் சொல்கிறான். கடையை இழுத்து மூடச் சொன்ன அதே இறைவன்தான் மீண்டும் திறக்கவும் சொல்கிறான். இரண்டுமே அவனுடைய சொல்தான்.

மதீனாவில் ஒரு வெள்ளிக்கிழமை நபி (ஸல்) அவர்களோடு மக்கள் கூடியிருந்த நேரத்தில் உணவுப் பொருட்களுடன் ஒரு வணிகக் கூட்டம் ஊருக்குள் வந்தது. பலர் எழுந்து அதை நோக்கிப் போய்விட்டார்கள். 12 பேர் மட்டுமே மீதி இருந்தார்கள் என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அதைக் கண்டித்து அந்தச் சூராவின் கடைசி வசனம் இறங்கியது. பிற்பாடு அதே மதீனாவின் மக்கள், வாணிபமோ விற்பனையோ அல்லாஹ்வின் நினைவிலிருந்து திசைதிருப்பாத மனிதர்களாக உருவானார்கள். அப்படிப்பட்ட மனிதர்களைச் சூரத்துந் நூரின் 37-வது வசனம் புகழ்கிறது.

அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் எவ்வளவு பெரிய வியாபாரி ஆனாலும் பத்ரு, உஹத் உள்ளிட்ட போர்க்களங்களில் நபி (ஸல்) அவர்களோடு நின்றார்கள். உஹதில் பட்ட காயத்தால் காலில் ஊனம் ஏற்பட்டது என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஹிஜ்ரி 9-ஆம் ஆண்டு தபூக் பயணத்தில் ஒரு சுப்ஹு நேரம். நபி (ஸல்) அவர்கள் வரத் தாமதமானது. மக்கள் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களை இமாமாக முன்னிறுத்தித் தொழத் தொடங்கினார்கள். நபி (ஸல்) அவர்கள் வந்து அவர்களுக்குப் பின்னால் நின்று ஒரு ரக்அத் தொழுதுவிட்டு, விடுபட்டதைப் பூர்த்தி செய்தார்கள். நெய் விற்றுத் தொடங்கிய ஒரு வியாபாரிக்குப் பின்னால் அல்லாஹ்வின் தூதரே நின்று தொழுதார்கள். சுப்ஹானல்லாஹ்!

பதவியை விட்டுக்கொடுத்தவருக்கே பொறுப்பு

அவர்களின் கொடையைப் பற்றிச் சொல்வதானால் நேரம் போதாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். தமக்குச் சொந்தமான நிலம் ஒன்றை உஸ்மான் (ரலி) அவர்களுக்கு 40,000 தீனாருக்கு விற்றார்கள். அந்தப் பணத்தைத் தம் குலத்து ஏழைகளுக்கும், தேவையுள்ளவர்களுக்கும், நபியின் மனைவியரான நம் அன்னையருக்கும் பங்கிட்டார்கள். தம் பங்கு வந்தபோது ஆயிஷா (ரலி) அவர்கள், தமக்குப் பின் தம் மனைவியர் மீது பரிவு காட்டுபவர்கள் பொறுமையாளர்களே என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை நினைவுகூர்ந்தார்கள். சொர்க்கத்தின் ஸல்ஸபீல் ஊற்றிலிருந்து அவருக்கு அல்லாஹ் புகட்டட்டும் என்று துஆச் செய்தார்கள். ஒரு குடும்பத்தின் தலைவர் மறைந்த பிறகு அந்த வீட்டை மறக்காமல் இருப்பதுதான் சேவையின் உச்சம். நம் தெருவில் உள்ள விதவையின் வீட்டுக்கு இத்தா முடிந்த பிறகும் யார் போய் விசாரிக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பணத்தைக் கொடுப்பதைவிடக் கடினமான ஒன்றையும் அவர்கள் கொடுத்தார்கள். ஹிஜ்ரி 23-ஆம் ஆண்டு உமர் (ரலி) அவர்கள் குத்தப்பட்டு மரணப் படுக்கையில் இருந்தபோது, அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க ஆறு பேரின் பெயரைச் சொன்னார்கள். அந்த ஆறு பேரில் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களும் ஒருவர். கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய பதவி. ஆனால் அவர்கள், இதில் நான் உங்களோடு போட்டியிடவில்லை, நீங்கள் விரும்பினால் உங்களுக்காகத் தேர்வு செய்யும் வேலையை நான் செய்கிறேன் என்று விலகிக்கொண்டார்கள். எல்லோரும் அந்தப் பொறுப்பை அவர்களிடமே ஒப்படைத்தார்கள்.

பிறகு மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். இரவில் மிஸ்வர் பின் மக்ரமா (ரலி) அவர்களின் கதவைத் தட்டி எழுப்பி, இந்த மூன்று இரவுகளாக எனக்குத் தூக்கமே சரியாக இல்லை என்று சொன்னார்கள். ஸுபைர், சஅத் (ரலி) ஆகியோரை அழைத்து ஆலோசித்தார்கள். அலீ (ரலி) அவர்களோடு நள்ளிரவு வரையும், உஸ்மான் (ரலி) அவர்களோடு சுப்ஹு பாங்கு வரையும் பேசினார்கள். காலையில் உஸ்மான் (ரலி) அவர்கள் கலீஃபாவாக அறிவிக்கப்பட்டார்கள். இந்தச் செய்தியும் புகாரியில் விரிவாக உள்ளது.

சகோதரர்களே, நம் ஜமாஅத் தேர்தலை நினைத்துப் பாருங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் பதவிக்காகச் சொந்தக்காரர்கள் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். தோற்றவர் அடுத்த வாரத்திலிருந்து வேறு பள்ளிக்குத் தொழப் போகிறார். பதவி இல்லையென்றால் சேவை இல்லை என்றாகிவிட்டது. பதவியை விட்டவரை நம்பித்தான் அந்த உம்மத் தன் தலைவிதியையே ஒப்படைத்தது. தனக்கென்று எதுவும் வேண்டாதவர் கையில்தான் பொதுக்காரியம் பத்திரமாக இருக்கும்.

நோன்பு திறக்கும் நேரத்தில் வந்த கண்ணீர்

இனி நான் சொல்லப்போவதுதான் இன்றைய குத்பாவின் உயிர்நாடி. கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

ஒரு நாள் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் நோன்பு வைத்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் உணவு கொண்டுவந்து வைக்கப்பட்டது. அதைப் பார்த்ததும் அவர்களுக்கு முஸ்அப் பின் உமைர் (ரலி) அவர்களின் நினைவு வந்துவிட்டது. அவர் என்னைவிடச் சிறந்தவர், உஹதில் ஷஹீதானார் என்று சொல்லத் தொடங்கினார்கள். முஸ்அப் (ரலி) அவர்களைக் கஃபனிட ஒரே ஒரு போர்வைதான் இருந்தது. தலையை மூடினால் கால் தெரிந்தது. காலை மூடினால் தலை தெரிந்தது. நபி (ஸல்) அவர்களின் உத்தரவுப்படி தலையைப் போர்வையாலும் காலை இத்கிர் புல்லாலும் மறைத்தார்கள். மக்காவில் செல்வச் செழிப்பில் வளர்ந்த இளைஞர் அவர்!

ஹம்ஸா (ரலி) அவர்களையும் நினைவுகூர்ந்தார்கள். அதற்குப் பிறகு இந்த உலகம் எங்களுக்கு இவ்வளவு விரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டதே, எங்கள் நன்மைகளுக்கான கூலி இங்கேயே முன்கூட்டிக் கொடுக்கப்பட்டுவிட்டதோ என்று பயப்படுகிறேன் என்றார்கள். அழுதார்கள். உணவைத் தொடாமலேயே விட்டுவிட்டார்கள்.

யார் இப்படிப் பயப்படுவது? சொர்க்கவாசி என்று நபி (ஸல்) அவர்களின் வாயால் சொல்லப்பட்டவர். இரவு பகலாக உம்மத்துக்கு உழைத்தவர். அவருக்கே அந்தப் பயம் இருந்தது என்றால் நாம் எங்கே நிற்கிறோம்?

வியாபாரியாகவும் பொதுச்சேவை செய்பவராகவும் இருப்பவருக்குள்ள பெரிய ஆபத்து இதுதான். நஷ்டமோ போட்டியோ அல்ல. கூலி இங்கேயே தீர்ந்துவிடுவதுதான் ஆபத்து. பள்ளிக்கு ஒரு மின்விசிறி கொடுக்கிறோம், மூன்று இறக்கையிலும் நம் பெயர் சுற்றுகிறது. டியூப் லைட் கொடுத்தால் வெளிச்சத்தைவிடப் பெயர் பெரிதாகத் தெரிகிறது. பத்து வீட்டுக்கு அரிசிப் பை கொடுக்கும்போது, வாங்குகிற ஏழைப் பெண்ணின் முகம் தெரியும்படி போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறோம். அவளுடைய பிள்ளைகள் அதைப் பள்ளிக்கூட நண்பர்களின் போனில் பார்க்கிறார்கள். சொல்லிக் காட்டியும் மனத்தைப் புண்படுத்தியும் தர்மத்தைப் பாழாக்கிவிடாதீர்கள் என்று சூரத்துல் பகராவின் 264-வது வசனத்தில் அல்லாஹ் எச்சரிப்பது நம்மைத்தான்.

மறுமையில் முதலில் தீர்ப்புச் சொல்லப்படுபவர்களில் ஒரு கொடையாளியும் இருப்பார் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். உனக்காகவே கொடுத்தேன் என்று அவர் அல்லாஹ்விடம் சொல்வார். வள்ளல் என்று பெயர் எடுக்கவே கொடுத்தாய், அந்தப் பெயரும் கிடைத்துவிட்டது என்று அவருக்குப் பதில் கிடைக்கும். பிறகு நரகம். அல்லாஹ் நம்மைப் பாதுகாப்பானாக!

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. மதீனாவில் நபியின் பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கி வந்த ஒரு பெண்மணி இருந்தார். சில நாள் அவரைக் காணவில்லை. நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். இறந்துவிட்டார் என்றார்கள். எனக்கு ஏன் தெரிவிக்கவில்லை என்று கேட்டுவிட்டு, அவருடைய கபுரைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று அவருக்காகத் தொழுதார்கள். மற்றவர்கள் சின்ன விஷயமாக நினைத்த மரணம் அது. அவர் பெயரை யாரும் எந்தச் சுவரிலும் எழுதவில்லை. ஆனால் அவர் வராததைக் கவனித்தவர் அல்லாஹ்வின் தூதர்.

செல்வம் குற்றம் அல்ல

அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் செல்வந்தராக இருந்ததால் சொர்க்கத்தில் தவழ்ந்துதான் நுழைவார் என்று ஒரு செய்தி மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. ஹதீஸ் கலை அறிஞர்கள் அந்த அறிவிப்பைப் பலவீனமானது என்று விளக்கியிருக்கிறார்கள். இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள் அதை இட்டுக்கட்டப்பட்ட செய்திகளின் வரிசையிலேயே சேர்த்திருக்கிறார்கள். ஹலாலாகச் சம்பாதித்து, உரிமைகளை நிறைவேற்றி, அள்ளிக் கொடுத்த ஒரு தோழரை அந்தச் செய்தியை வைத்துக் குறைத்துப் பேச வேண்டாம். செல்வம் கையில் இருந்தது, மனத்தில் முஸ்அபின் போர்வை இருந்தது. அதுதான் அவர்களைக் காத்தது.

ஹிஜ்ரி 32-ல் மதீனாவில் அவர்கள் மரணித்தார்கள். ஜன்னத்துல் பகீஇல் அடக்கம் செய்யப்பட்டார்கள். பத்ருப் போரில் கலந்துகொண்டவர்களில் அப்போது உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 400 தீனார் கொடுக்க வஸிய்யத் செய்திருந்தார்கள் என்று வரலாற்று நூல்கள் பதிவு செய்துள்ளன. சந்தைக்கு வழி கேட்டு வந்தவர், போகும்போதும் பழைய தோழர்களை நினைத்துவிட்டுப் போனார்.

நாம் செய்ய வேண்டியது

கடை வைத்திருக்கும் சகோதரர்களே! இன்று கடைக்குத் திரும்பியதும் தராசை ஒரு முறை பாருங்கள். பையனின் சம்பளம் பாக்கி இருந்தால் இன்றே கொடுத்துவிடுங்கள். கடன் நோட்டைத் திறந்து, உண்மையிலேயே முடியாத ஒருவரின் பக்கத்தை அல்லாஹ்வுக்காக அடித்துவிடுங்கள். அடித்ததை அவரிடமே கௌரவமாகச் சொல்லுங்கள், அவர் தெரு மாற்றி நடக்காமல் நிம்மதியாக நடப்பார். மற்றவர்களிடம் சொல்லாதீர்கள்.

பொதுச்சேவையில் இருப்பவர்களே! வாரம் ஒரு நன்மையையாவது யாருக்கும் தெரியாமல் செய்யுங்கள். மனைவிக்குக்கூடத் தெரிய வேண்டாம். அது மறுமைக்கென்று தனியாக எடுத்து வைத்த முதல். அதே நேரத்தில் ஊர் வேலை என்று சொல்லி வீட்டாரின் உரிமையைப் பாக்கி வைத்துவிடாதீர்கள்.

மற்றவர்களே! எல்லா வேலையையும் ஒருவர் தலையிலேயே கட்டிவிட்டுக் குறை மட்டும் சொல்லாதீர்கள். ஜனாஸா வேலை ஃபர்ளு கிஃபாயா. ஒருவர் செய்வதால் ஊரே பாவத்திலிருந்து தப்புகிறது. அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அடுத்த மவுத்துக்கு அவர் கூப்பிடும் முன்பே நீங்கள் போய் நில்லுங்கள். குளிப்பாட்டவும் கஃபனிடவும் உங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். அவர் இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லையென்றால், அந்தப் பெண்மணியை நபி (ஸல்) அவர்கள் விசாரித்தது போல வீடு தேடிப் போய் விசாரியுங்கள். அவருடைய நல்ல குணத்தை மையவாடியில் நின்று பேசுவதற்குப் பதிலாக, அவர் உயிரோடு இருக்கும்போதே அவருக்காகத் துஆச் செய்யுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் கடைகளில் ஹலாலையும் பரக்கத்தையும் தருவாயாக! எங்கள் தராசுகளை நேராக்குவாயாக! எங்கள் கடன்களை அடைக்க வழி செய்வாயாக! உன் அடியார்களுக்காக உழைப்பவர்களின் உடலுக்கு ஆரோக்கியத்தையும் உள்ளத்துக்கு இக்லாஸையும் கொடுப்பாயாக! எங்கள் நன்மைகளின் கூலியை இந்த உலகத்தோடு தீர்த்துவிடாமல், நிழலே இல்லாத அந்த நாளுக்காக உன்னிடம் வைத்திருந்து தருவாயாக! எங்களுக்கு முன் எங்கள் ஊர்களுக்காக உழைத்து உன்னிடம் வந்து சேர்ந்தவர்களின் கபுருகளை ஒளியாலும் விசாலத்தாலும் நிரப்புவாயாக!

ஆமீன்! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!